அக்கா வயிற்றில் தேடினார்கள்

மெக்கானிக்குக் கன்னம் நிறையத் தாடி. வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை. அவன் திருநம்பி. பிறந்தபோது ‘நீ பெண்’ என்று ஊர் சொன்னதை ஒத்துக்கொள்ளாமல், ஆணாகவே வாழ்கிறவன். அவனும் அவன் துணைவனும் ஆசைப்பட்டு, தாடி வளரப் போட்டுவந்த ஹார்மோன் ஊசியை நிறுத்தியபின் உண்டான பிள்ளை அது. நேற்று லேசாக ரத்தம் பட்டிருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறதா, இல்லையா? ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். துணைவன் வேலையாக வெளியூர் போயிருந்ததால் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பயத்தில் மனிதன் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துத் தொலைத்திருந்தான். இப்போது நாற்காலியில் காலைப் பின்னிக்கொண்டு, தும்மல் வந்துவிடக் கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை. சுற்றிலும் இருந்த கர்ப்பிணிகளுக்கும் அதே கதிதான். ஒருத்தியும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

நர்ஸ் புயல் மாதிரி வந்தாள். ஃபைல் அக்காவின் மடியில் இருந்தது. அது போதாதா? கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்கம்மா, டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க.”

“நான் இல்லைம்மா, என் தம்பிக்கு...”

“தம்பி வெளியிலயே இருக்கட்டும். ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது.”

“ஐயோ, எனக்குக் கர்ப்பப்பையே இல்லைம்மா! ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு!”

“பயத்துல எல்லாரும் எதையாவது சொல்லத்தான் செய்வாங்க. வாங்க.”

கதவு சாத்திக்கொண்டது. அந்த நர்ஸ் கெட்டவள் இல்லை. தாடி வைத்தவனுக்கும் பிள்ளை உண்டாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் காது எதற்கு இருக்கிறது?

மெக்கானிக் வேகமாக எழுந்தான். குடித்த தண்ணீர் எச்சரித்ததும் அதே வேகத்தில் உட்கார்ந்துவிட்டான். அப்போது டாக்டரம்மாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

“என்னம்மா இது? பிள்ளையே இல்லையே!”

அவர் தேடுவது அக்காவின் வயிற்றில் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நெஞ்சு பகீரென்றது. அந்த வார்த்தையை இன்னொரு முறை கேட்க அவனுக்குத் தெம்பில்லை. இத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டவன், போய்க் கதவைப் படபடவென்று தட்டினான்.

“டாக்டர்! புள்ள என் வயித்துல இருக்கு! அங்க தேடாதீங்க!”

நர்ஸ் கதவைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். எதிர் வரிசையில் நெளிந்துகொண்டிருந்த ஒருத்திக்குப் பொறுமை போயிற்று.

“என்னம்மா பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க? அவரை உள்ள விடுங்க! நாங்களும் அடக்கிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கோம்!”

“ஆமா, விடுங்க!” என்று வரிசையே கத்தியது.

அவனைப் படுக்கவைத்தார்கள். “மன்னிச்சுக்கோங்க சார். யாருக்கு ஸ்கேன்னு முதல்ல கேட்டிருக்கணும்” என்றார் டாக்டரம்மா சங்கடத்தோடு. கருவி அடிவயிற்றில் அழுந்தியது. அவன் பல்லைக் கடித்தான். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வயிற்றில் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, பிசுபிசுத்த கையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்க டபடபவென்று ஒரே ஓட்டமான சத்தம்.

“கேக்குதா சார்? நல்லா துடிக்குது.”

மெக்கானிக் ஓவென்று அழுதான். அக்காவும் சேர்ந்துகொண்டாள். நர்ஸ் ஓடிப்போய்க் கழிவறைக் கதவைத் தானே திறந்து பிடித்தாள்.

“போயிட்டு வாங்க சார். பாவம், எவ்வளவு நேரந்தான் அடக்குவீங்க!”

அவன் அசையவில்லை.

“இருங்கம்மா... டாக்டர், அதை இன்னொரு தடவை போடுங்க.”