மொஹாபியின் தகரக் குவளை

லெசோத்தோ மலையில் குளிர் இறங்கிவிட்டால் ஊர்த் தலைவர் பாகிசோவின் குடிசைதான் ஆண்களுக்குச் சபை. வறட்டி புகைய, சன்னலில் சாக்கைத் திணித்துவிட்டு, புளித்த சோளக்கூழ் நிறைந்த சுரைக்குடுக்கையை ஆளுக்கொரு வாயாகக் குடிப்பார்கள். குடுக்கை கைக்கு வராதவன் ஊரில் இருந்தும் இல்லாதவன்.

தங்கச் சுரங்கத்தில் பதினொரு வருடம் உழைத்த மொஹாபி, ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு ரேடியோவும் ஓர் இருமலும். சளியைச் சோதித்த நர்ஸ், காசநோய், ஆறு மாதம் மாத்திரை என்றாள். அவன் வீடு சேருமுன் செய்தி சபைக்குச் சேர்ந்துவிட்டது. மறுநாள் குடுக்கை அவனைத் தாண்டிப் போனது; அவன் முன்னால் தனியாக ஒரு தகரக் குவளை.

"உன் நல்லதுக்குத்தான் தம்பி" என்றார் தலைவர், லொக்கு லொக்கென்று இருமியபடி. அவர் இருமலுக்கு மட்டும் பெயர் புகை.

"குவளையில ஒட்டாதாம் தலைவரே. இருமுற காத்துலதான் பரவுமாம். சன்னலைத் திறக்கச் சொன்னா நர்ஸ்."

"திறந்தா குளிர்ல சாகணும். அவளுக்கென்ன, ஆஸ்பத்திரில ஹீட்டர் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நோயைத் தகரத்துக்குள் பூட்டிவிட்ட மேதாவிகள் அல்லவா!

இரண்டாம் மாதம் மொஹாபிக்கு இருமல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது.

"இன்னும் எதுக்குடா மாத்திரை? மாத்திரை திங்கிறவன்தான் நோயாளி. அதை விட்டுட்டு வா, குடுக்கை தர்றேன்" என்றார் தலைவர்.

மொஹாபிக்கு ஆசை நாக்கு வரை வந்தது. "பாதியில விட்டா அப்புறம் கிருமி எந்த மருந்துக்கும் அடங்காதாம்" என்று சொல்லிவிட்டுத் தகரத்தில் குடித்தான்.

ஆறு மாதம் முடிந்து, கடைசிப் பனி விழுந்த அன்று, சளியில் கிருமி இல்லை என்ற சீட்டோடு வந்தான். தலைவர் வரவேற்றுப் பேசினார்; இருமலுக்காக மூன்று முறை நிறுத்தினார். கம்பளி அவர் தோளில் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. குடுக்கையை நீட்டினார்.

மொஹாபி இரு கையாலும் வாங்கி, வயிறு குளிரக் குடித்தான். பிறகு மடியிலிருந்து மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"என்னடா இது?"

"உங்க குவளை, தலைவரே. காலையில எழுந்ததும் துப்பணும். எச்சில் இல்ல, நெஞ்சுலேர்ந்து வர்ற சளி. நர்ஸ்கிட்ட சோதிச்சுக்கங்கன்னு நாலு தடவை சொன்னேன், தகரக் குவளைக்காரன் பேச்சு உங்க காதுல ஏறல. இப்ப குடுக்கை என் கையில இருக்கு, கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. "இது புகை..." என்று தொடங்கிய தலைவரை இருமல் முடிக்க விடவில்லை. சன்னலோரம் இருந்தவன், யாரும் சொல்லாமலே, சாக்கை உருவினான்.