இடது பக்கம் மூன்று விரல்

மல்லாந்து படுத்து வண்டியின் அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒரு தார்க்கட்டி பெயர்ந்து நேராக மூக்கனின் வாய்க்குள் விழுந்தது. வாயைப் பிளந்துகொண்டு வேலை பார்க்கிற பழக்கம் அவனுக்கு. மண், கிரீஸ், பழைய எண்ணெய் என்று எல்லாவற்றையும் ருசி பார்த்தாயிற்று, பழக்கம் மட்டும் போன பாடில்லை. தலையைத் திருப்பித் துப்பினான். தார் போனது, அதற்குள் இருந்த ஏதோ ஒன்று நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. விரலை விட்டு இழுத்துப் பார்த்தான். சாக்கு நார். இரும்புச் சட்டத்துக்குள் சாக்குக்கு என்ன வேலை என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

வண்டி அவன் மனைவியுடையது. நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப். விசேஷ வீடுகளுக்கு நாற்காலியும் மேசையும் வாடகைக்கு விடும் தொழில் அவளுக்கு. ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது எல்லாம் அவளேதான். கல்குவாரியில் ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துப் பிடித்து வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது மூக்கனின் மச்சான். இந்தப் பட்டறையும் மச்சானுடையதுதான். எங்கே கிளட்ச் கருகினாலும், எங்கே டீசல் ஒழுகினாலும் வண்டி வாசலுக்கு வரும்போதே மோந்து சொல்லிவிடுவான் என்பதால் மூக்கன் என்று பெயர் வைத்ததும் அவர்தான். அப்பேர்ப்பட்ட மூக்கு, சொந்த வீட்டு வாசலில் நின்ற வண்டியை மோந்து பார்க்கவில்லை.

பார்க்க விட்டால்தானே. முன்பக்கம் இடது மூலை இறங்கும்போதெல்லாம் மச்சானே அடியில் நுழைந்து போல்ட்டை இறுக்கி ஏற்றிவிடுவார். தங்கை வண்டி மேல் அவ்வளவு பாசம் என்று மூக்கன் நினைத்திருந்தான். இன்றைக்கு அவருக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியவில்லை. அதனால்தான் காலையில் இவனைக் கூப்பிட்டார்.

"ரெண்டு திருப்பு திருப்பி ஏத்தி விடுங்க மாப்ள, போதும். தோண்டிட்டு உக்காராதீங்க. மதியம் அவங்க வந்துருவாங்க."

அவங்க என்றால் தண்ணீர் கேன் போடும் புருஷன் பெண்டாட்டி. மூன்று சக்கர வண்டி மேட்டு வீடுகளுக்கு ஏறத் திணறுகிறது என்று இந்த பிக்கப்பை வாங்க வருகிறார்கள். நேற்று வந்து பார்த்தபோது அந்தப் பெண் இடுப்புக் குழந்தையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். குழந்தை, ஊறிப்போன பிஸ்கட்டை டாஷ்போர்டில் நன்றாக அப்பியது. "அக்கா, இறக்கத்துல வரும்போது பயமா இருக்காதா?" என்று அவள் கேட்டதற்கு, "நான் ஓட்டுறேன்ல, சொன்ன பேச்சு கேட்கும்" என்றாள் மூக்கனின் மனைவி. அதைக் கேட்டு மூக்கனுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் அதுவும் வாயில் விழுந்த தார் மாதிரிதான் இருக்கிறது.

இரண்டு திருப்பு திருப்பிவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் எந்த உயரத்தையும் அளக்காமல் ஏற்றுவது அவன் கைக்கு வராது. பின்னால் கிடந்த நாற்காலிகளை இறக்கினான். டயர்களில் காற்றைச் சமமாக்கினான். சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை அமுக்கி ஆட்டிவிட்டு அளந்தான். தரையிலிருந்து அளந்தால் தேய்ந்த டயரும் சேர்ந்து பொய் சொல்லும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே உள்ள வளைவு விளிம்பு வரை அளக்க வேண்டும். இடது பக்கம் மூன்று விரல் தாழ்வு.

இந்த வண்டிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒரு நீள இரும்புத் தண்டு, அது முறுக்கிக்கொண்டு நிற்கிற விறைப்பில்தான் முன்பாரம் நிற்கிறது. தண்டின் பின்முனையைச் சட்டத்தின் குறுக்குப் பட்டை பிடித்திருக்கும். அங்கே இருக்கிற போல்ட்டை இறுக்கினால் வண்டி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வலது போல்ட்டில் பாதி மரை மிச்சம் இருந்தது. இடது போல்ட் இரண்டு மரை மட்டும் பாக்கி, ஏறக்குறைய கழுத்து வரை உள்ளே போயிருந்தது. தண்டு சோர்ந்துவிட்டதோ, இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று முனைக் குறிகளைத் துடைத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தன. ரப்பர்களை நெம்பினான், மூட்டுகளை ஆட்டினான். எதிலும் குறையில்லை. மிச்சம் இருந்தது அந்தக் குறுக்குப் பட்டைதான். சுத்தியால் தட்டினால் வலது பக்கம் கணீரென்றது. இடது பக்கம் சத்தமே எழவில்லை. அதன் பிறகுதான் சுரண்டினான், தார் வாயில் விழுந்தது.

எல்லாவற்றையும் உரித்து எடுத்தபோது உள்ளதெல்லாம் தெரிந்தது. பட்டை கிழிந்திருந்தது, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு. அதற்குள் சாக்கைத் திணித்து, மேலே பட்டி பூசி, பேருக்கு நாலு பொட்டு வெல்டிங் வைத்து, தாரை அப்பியிருந்தது. வெல்டிங்கை முடிக்கும்போது கொக்கி மாதிரி வளைத்து இழுப்பது மச்சானின் கை. பட்டறையில் வேறு யாருக்கும் அது வராது. வண்டி இறங்கியதற்குக் காரணம் கிழிசல். இறங்கியதை ஏற்ற போல்ட்டை இறுக்கினால் கிழிசல் இன்னும் விரியும். ஏற்றி ஏற்றியே கிழித்திருக்கிறார்கள். இன்னும் ஒரு இறக்கமோ ஒரு பள்ளமோ போதும், பட்டை விட்டுப்போகும், அந்த மூலை அப்படியே உட்காரும், டயர் வளைவில் போய்ச் சிக்கும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங் யார் பேச்சையும் கேட்காது.

மூக்கன் வெளியே வந்தான். மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, வண்டிச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். கண்ணை மூடிச் சொக்கியபடி குடைந்தார். வெளியே எடுத்து, நுனியைப் பார்த்து, தொடையில் துடைத்துவிட்டு மறு காதுக்குக் கொண்டுபோனார். இத்தனை வருஷமாக இந்தக் கையிலிருந்துதான் டீயை வாங்கிக் குடித்திருக்கிறோம் என்று மூக்கனுக்குத் தோன்றியது.

"பட்டை கிழிஞ்சிருக்கு மச்சான்."

"தோண்டாதீங்கன்னு சொன்னேன்ல."

"உங்க தங்கச்சி ஓட்டுற வண்டி."

"அதனாலதான மாப்ள விக்கச் சொன்னேன்." அவர் குரலில் கூச்சமே இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் மனத்தாங்கல்தான் இருந்தது, தன் பாசத்தைச் சந்தேகப்பட்டுவிட்டான் என்று. "போன தடவை இறுக்கும்போதுதான் பாத்தேன். அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொல்லிட்டேன், இனிமே நீ இதை ஓட்டாதம்மான்னு."

"ஒரு வாரம் குடுங்க. பட்டையை வெட்டி எடுத்துட்டு நானே புதுசு வெக்கிறேன்."

"வெச்சா வெச்ச தடம் தெரியும். அடிபட்ட வண்டின்னு எவனும் தொட மாட்டான். கெட்டிக்காரத்தனத்த வேற வண்டியில காட்டுங்க."

வீட்டுக்கு வந்து சொல்லிட்டேன் என்ற வார்த்தை மூக்கனுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். விற்கிற நாள் என்று நல்ல புடவை கட்டியிருந்தாள், கையில் ஒரு ஈரத்துணி. வந்ததும் வராததுமாக வண்டிக் கதவைத் திறந்து சீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். டாஷ்போர்டில் காய்ந்திருந்த பிஸ்கட்டை நகத்தால் சுரண்டினாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

அவள் நிறுத்தவில்லை. "அண்ணன் நம்மள ஏமாத்தலங்க. தெரிஞ்சதும் சொல்லிட்டாரு."

"அவங்களுக்கு?"

"அவங்க என்ன, தண்ணி கேன்தான ஏத்தப் போறாங்க. மெதுவாத்தான் போவாங்க."

"கைக்குழந்தை வெச்சிருக்காங்க."

"நமக்கும்தான் ரெண்டு இருக்கு. இதே சீட்டுலதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன், தெரியாம." அப்போதுதான் அவனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் யாருக்காக என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. "நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். ஏத்தி மட்டும் விடுங்க. பேச வேண்டியத நான் பேசிக்கிறேன்."

இந்தக் குரலை அவனுக்குப் பிடிக்கும். வீட்டில் எதையும் சமாளித்துவிடுகிற குரல் இது. இன்று அதைக் கேட்க, சோற்றில் முடி கிடந்த மாதிரி உடம்பு கூசியது. இந்த இரண்டு பேரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும். ஒருவர் மேல் ஒருவருக்கு எவ்வளவு பாசம். அந்தப் பாசத்தை அப்பித்தான் கிழிசலை மூடியிருக்கிறார்கள். வேண்டாம் என்று வாய் திறந்தால் நாளைக்குப் பட்டறை இல்லை, வீட்டில் முகம் இல்லை. வாய் திறக்கவும் அவனுக்கு வரவில்லை. தார் இன்னும் பல்லிடுக்கில் கசந்துகொண்டிருந்தது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனான்.

"அப்படி வாங்க வழிக்கு" என்றார் மச்சான்.

இடது போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். எந்தப் பக்கம் திருப்பப்போகிறோம் என்று அந்த நிமிஷம் வரை அவனுக்கே தெரியாது. தளர்த்தினான். முதலில் கிறீச்சிட்டு அடம்பிடித்தது, அப்புறம் இறுக்கியதையெல்லாம் கக்குகிற மாதிரி திருப்பத் திருப்ப வந்தது. இடது மூலை இறங்கியது. மூன்று விரல் ஐந்தானது, ஒரு சாண் ஆனது. வளைவு டயரைப் பாதி விழுங்கி, அதற்கு மேல் இறங்க விடாமல் தாங்குகிற ரப்பர் முட்டில் போய் வண்டி உட்கார்ந்தது. சட்டம் அவன் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

வெளியே அவள் கை பானெட் மேல் இருந்திருக்க வேண்டும். "என்னங்க, இறங்குது" என்றாள்.

வாசலில் காலி கேன்கள் கடகடக்க மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. அடியிலிருந்து பார்க்கக் கால்கள்தான் தெரிந்தன. மனைவியின் செருப்பு, மச்சானின் வெடித்த குதிகால், புதிதாக வந்த இரண்டு ஜோடி ரப்பர் செருப்புகள். அந்தப் பெண்ணின் முழங்காலுக்குப் பக்கத்தில் செருப்பில்லாத ஒரு சின்னப் பாதம் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா இப்படி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது?"

"அது ஒண்ணும் இல்லம்மா" என்றார் மச்சான். "ரெண்டு திருப்புல ஏறிடும். மாப்ள, திருப்புங்க."

மூக்கன் திருப்பினான். கடைசி மரையும் விட்டு, சூடாக, போல்ட் அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதை வெளிச்சத்தின் பக்கம் உருட்டிவிட்டான். சிமெண்டுத் தரையில் கோணலாக உருண்டு போய் அவன் மனைவியின் செருப்பில் முட்டி நின்றது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. சின்னப் பாதம் மட்டும் அதை எட்டப் பார்த்து, எட்டாமல், காற்றில் உதைத்துக்கொண்டிருந்தது.