கேஸ் போட்ட வண்டி

“அழுகின தக்காளியில வண்டி ஓடும்ங்கிற. சரி, நம்புறேன் மன்சூரு. சாம்பார் வாசனை வராதுல்ல?”

“தக்காளி மட்டுமா அக்கா? முட்டைக்கோசு, முருங்கைக்கா, முள்ளங்கி, அம்புட்டும். வாசனையெல்லாம் ஆலையிலயே எடுத்துருவாங்க. சுத்தமான கேஸுதான் சிலிண்டர்ல ஏறும்.”

“பாதி வழியில தீந்துபோச்சுன்னா?”

“இந்த சுவிட்ச அமுக்குங்க, பெட்ரோலுக்கு மாறிக்கிரும். காலைல எடுக்கும்போதும் பெட்ரோல்லதான் கிளம்பும். இஞ்சின் சூடானதும் தானா கேஸுக்கு வந்துரும். நீங்க கண்டுக்கவே வேணாம்.”

அமலராணி குனிந்து டிக்கிக்குள் பார்த்தாள். தூங்கும் கன்றுக்குட்டியைப் போல ஒரு சிலிண்டர் அங்கே படுத்திருந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் யாரும் வாங்காமல் போன காய்களை ஊறவைத்து வாயு எடுக்கும் ஆலை ஒன்று வந்திருப்பதாக மன்சூர் சொல்லியிருந்தான். நேற்று எவர் கையும் தொடாத ஒரு முள்ளங்கி, நாளை தன்னைச் சாலையில் இழுத்துக்கொண்டு போகும் என்று நினைக்க அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

தாடிக்கொம்பைச் சுற்றியிருந்த கிராமங்களில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள் அவள். போன வருடம் ஓய்வு பெற்றாள். இந்த வெள்ளைக் காரில் எத்தனை பேரைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. யாரிடமும் காசு வாங்கியதில்லை. இப்போது பென்ஷனில் பெட்ரோல் போட முடியவில்லை. அதைவிட, தன்னைக் கூப்பிட இனி ஆள் இல்லை என்ற எண்ணம் அவளை அரித்தது. மூன்று மாதமாக எவரும் கதவைத் தட்டவில்லை. வண்டியைப் பழனிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அது தெரிந்துதான் மன்சூர் வண்டியைப் பேகம்பூரிலிருந்த தன் பட்டறைக்கு ஓட்டி வந்தான். “கேஸுல ஓட்டிப் பாருங்க. பெறகும் விக்கணும்னா வித்துக்கங்க” என்றான். ஐந்து வருடத்துக்கு முன், மூடிய ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் கடந்துகொண்டிருந்தபோது, இந்தக் காரின் பின் சீட்டில்தான் அவன் மகள் முஹ்சினா பிறந்தாள். அதை அவன் பேச்சில் எடுப்பதே இல்லை. சிலிண்டரின் நான்கு போல்ட்டையும் மூன்று தடவை முடுக்கிப் பார்த்தான், அவ்வளவுதான்.

அமலராணியின் போன் அடித்தது. அவள் தெருவிலிருந்து ராமுத்தாய்.

“வண்டிய ரெண்டு நாளாக் காணமே நர்ஸம்மா?”

“திண்டுக்கல்ல நிக்குது ராமுத்தாயி, மன்சூர் பட்டறைல. கேஸ் போட்டாச்சு. சாயங்காலம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணும். ஆர்.சி. புக்க எடுத்துட்டு வரச் சொல்லிருக்காக.”

மறுபக்கம் ஒரு மூச்சு கேட்டது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

ஒரு மணி நேரம் கழித்துப் பட்டறை வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. மல்லிகைப்பூ மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். முதலில் ராமுத்தாய்.

“எந்த ஆபீசரு? எங்க இருக்கான்? வாடகைக்கு ஓட்டுனாகன்னு எவன் சொன்னது?”

சொந்த உபயோகத்துக்கான வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பார் என்பது ஊருக்கே தெரியும். காய்த்தோட்டக்காரர் அழகர் முன்னால் வந்து ஒரு நோட்டுத் தாளை நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்திருக்கோம் தாயி. ஒரு பைசா வாங்கலன்னு கோர்ட்டுல வந்தும் சொல்லுவோம்.”

“பெரியம்மா, கேஸ் இல்ல. கேஸு” என்றான் மன்சூர்.

“அதத்தான நாங்களும் சொல்றோம்.”

“அடுப்புக்கு வைக்கிறோம்ல, அந்த கேஸு.” டிக்கியைத் திறந்து சிலிண்டரைத் தட்டிக் காட்டினான். “மார்க்கெட்ல மிஞ்சுன காயிலருந்து எடுக்குறது. ஆர்.சி. புக்குல இதப் பதியத்தான் ஆபீஸுக்குப் போறாக.”

அழகர் குனிந்து சிலிண்டரைப் பார்த்தார். “போன வாரம் வெல இல்லாம நான் கொட்டிட்டு வந்த தக்காளியா இது?”

“இருக்கும் மாமா. உங்க தக்காளிதான் கூடுதல் வேகம்.”

பூ மூட்டைகளுக்கு நடுவே சிரிப்பு எழுந்தது. வக்கீலுக்குச் சொல்லிவிட்ட ஒருவர் அவசரமாகப் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அழகர் வெட்கத்தோடு தாளைத் திரும்பக் கேட்டார். அமலராணி கொடுக்கவில்லை. ஓடும் வேனில் எழுதியதால் எழுத்துகள் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கின.

‘என் மகள் இசைவாணியைப் பாம்பு கடித்த அன்று மழை. அம்மா செருப்புப் போடாமல் வந்து வண்டி எடுத்தார்கள். காசு வாங்கவில்லை.’

‘என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. காசு வாங்கவில்லை. மறுநாள் கஞ்சியும் கொண்டுவந்தார்கள்.’

‘எனக்கு இரண்டு பிரசவம். இரண்டும் இந்த வண்டி.’

அவள் மறந்துபோன இரவுகளும் மதியங்களும் அதில் இருந்தன. மறந்தது அவள் மட்டும்தான் போலிருக்கிறது. கடைசி வரிக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“மூணு மாசமா ஒருத்தரும் கூப்பிடலையே” என்றாள்.

“மூணு மாசமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல நர்ஸம்மா. அதுக்கு நாங்க என்ன செய்ய?” என்றாள் ராமுத்தாய்.

அமலராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாளை நான்காக மடித்து இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றிப்பா எல்லாருக்கும். பூவ வெயில்ல போட்டுட்டு எனக்காக வந்திருக்கீக” என்றாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை பழனிக்காரரு வாராருல்ல, அதையும் இவுககிட்ட சொல்லிருங்க” என்றான் மன்சூர், ஸ்பானரைத் துடைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“எதுக்கு வாராரு?”

“வண்டிய வாங்க.”

ராமுத்தாய் காரைச் சுற்றி மெதுவாக நடந்து பின் கதவைத் திறந்தாள். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“எங்க சந்துக்குள்ள ஆம்புலன்ஸ் மாதிரி பெரிய வண்டி நுழையாது. உங்களுக்கே தெரியும். என் மருமகளுக்கு ஆனி மாசம் நாள் சொல்லிருக்காக” என்றாள். “அந்தப் பழனிக்காரர வர வேணாம்னு சொல்லிருங்களேன், நர்ஸம்மா.”