பத்தாவது அடி

பதினொரு வருடங்கள் நடந்து நடந்தே அருமைராசா, வில்லரே பகுதியிலிருந்த தன் மாடிவீட்டின் வரவேற்பறைத் தரையை முழங்கால் ஆழத்துக்குத் தேய்த்திருந்தார். ஒன்பது அடி போவார், இடப்பக்கம் திரும்புவார், ஒன்பது அடி வருவார். ஊரில் அவரை இரண்டு வருடம் அடைத்து வைத்திருந்த அறையின் நீளம் அவ்வளவுதான். கீழே டெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருந்தவர், மேலே கூரையில் இரண்டு உள்ளங்கால்கள் தெரியத் தொடங்கியதும் சிகரெட் அலுமாரியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பனி கரைவதற்குள் மனிதர் முழுதாகக் கடைக்குள் விழுந்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் பனிக்காலம் மகள் ஜெயனி, பல்கலைக்கழகப் பயிற்சிக்காக நகரின் வடக்கே ஒரு விலங்குக் காப்பகத்துக்குத் தினமும் போய்வந்தாள். கூண்டிலிருந்த பண்டா என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறிக்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் ‘நடக்கிறது’ என்றே குறித்தாள். ஒன்பது அடி, இடப்பக்கத் திருப்பம், ஒன்பது அடி. அடுத்த வாரம் அப்பா காய்ச்சலில் படுத்த செவ்வாய்க்கிழமை பண்டாவும் படுத்தது. அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டாள்.

அடைபட்ட விலங்கு இப்படி நடந்தால் உணவை முன்னால் வைக்காமல், தேடி எடுக்கும்படி ஒளித்து வைக்கவேண்டும் என்று கையேட்டில் இருந்தது. மூங்கிலை மரப்பொந்தில் செருகினார்கள். பண்டா திரும்பியும் பார்க்கவில்லை. வேலையை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஜெயனிக்கு விளங்கியது.

தாய் பிலோமினம்மா, இத்தனை வருடமும் பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து நேரம் தவறாமல் சோற்றுக்கோப்பையை நீட்டியவள்.

“புருசனுக்குச் சோத்தை ஒளிச்சு வைக்கிறதோ? சனம் அறிஞ்சா என்ன கதைக்கும்?”

“பண்டாவுக்கும் இதைத்தான் செய்யிறம், அம்மா.”

“அப்ப உன்ர கொப்பர் பண்டாவோ?”

“ஓம். வயிறு மட்டும் கொஞ்சம் சின்னன்.”

இரண்டு நாள் அவர் சாப்பிடாமலே நடந்தார். மூன்றாம் நாள் பிலோமினம்மா அழுதுகொண்டே பொரித்த மீனை உடுப்பு அலுமாரிக்குள் வைத்தாள். பிற்பகல் இரண்டு முப்பத்தைந்துக்கு அருமைராசா ஒன்பதாவது அடியில் நின்றார்.

“இஞ்சரப்பா, எங்கயோ விளைமீன் பொரிச்சுக் கிடக்கு” என்றார். பிறகு காலைத் தூக்கிப் பள்ளத்தின் விளிம்பில் வைத்தார். அதுதான் பத்தாவது அடி.

காப்பகத்தில் பண்டா மரப்பொந்துக்குள் கையை விட்டு மூங்கிலை இழுத்தது. ‘தின்கிறது’ என்று குறித்து, பக்கத்தில் இரண்டு முப்பத்தைந்து என்று நேரத்தையும் ஜெயனி எழுதினாள். தொலைபேசி அடித்தது.

“பிள்ளை, கொப்பர் அலுமாரிக்குள்ள தலையை விட்டுக்கொண்டு சாப்பிடுறார்!”

“தெரியும் அம்மா” என்றாள் ஜெயனி. “வடிவாச் சாப்பிடட்டும்.”

சிகரெட் அலுமாரி பழைய இடத்துக்குப் போனது. பள்ளத்தை யாரும் அடைக்கவில்லை. பால் முடிந்தால் பிலோமினம்மா அதன் வழியாகக் கடைக்குள் கூடையை இறக்குகிறாள்.