கடைசித் திருத்தம்

"இன்னொரு பெட்ஷீட் குடு ரிம்மா. செத்த வீட்ல கண்ணாடி தெரியக் கூடாது," என்று பக்கத்து வீட்டு க்ளாவா ஸ்டூலில் நின்றபடி கையை நீட்டினாள்.

"இருந்ததே அஞ்சுதான் க்ளாவாக்கா. அஞ்சாவது அம்மா மேல கிடக்கு."

சுவர் முழுக்கக் கண்ணாடி. ரஷ்யாவின் பெர்ம் நகர நாடக அரங்கில் ஆடி ஓய்ந்த அம்மா ஸினாயிதா, நாற்பது வருஷத்துக்கு மேல் பாலே நடனம் சொல்லிக்கொடுத்த அறை அது. விரிப்புகள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டன. அடியில் மட்டும் கண்ணாடி திறந்தே கிடக்க, க்ளாவா இறங்கியதும் அதில் இருவர் பாதங்களும் தெரிந்தன. மூன்றாவதாக அம்மாவின் ஜோடியும் நடந்து வந்துவிடுமோ என்று ரிம்மா அதையே பார்த்தாள்.

பதினோரு வயதில் இதே இடத்தில், "உன் காலுக்கு இது வராது, போய் உட்காரு," என்று பெற்ற தாயே அவளை விலக்கிவிட்டாள். அதோடு சரி. ரிம்மா டிராம் ஓட்டப் போனாள். தேறுகிற பெண்ணைத்தான் ஸினாயிதா திட்டுவாள். மற்றவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். ரிம்மாவுக்கு அந்தக் குட்டே கிடைக்கவில்லை. அதற்காக அவள் ஏங்கிய ஏக்கம் அவளுக்குத்தான் தெரியும்.

இன்று காலை வெந்நீரோடு உள்ளே வந்த ரிம்மாவின் காலையே அம்மா உற்றுப் பார்த்தாள். "குதிகால முன்னால கொண்டு வா," என்றாள். அத்தோடு மூச்சு நின்றது.

அது வகுப்பில் நடனப் பெண்களுக்குச் சொல்லும் திருத்தம். யாரிடம் சொன்னாள்? கடைசிப் பத்து வருஷமாக வந்துபோன ஒரே சிஷ்யை இங்கா. ரிம்மாவை அவள் என்று நினைத்துவிட்டாளோ? காலையிலிருந்து ரிம்மாவை அரித்தது இதுதான்.

மதியம் இங்கா நான்கு வெள்ளைப் பூக்களோடு வந்து, அழுது ஓய்ந்தாள்.

"அம்மா உன்னை எதுக்கு அதிகமா திட்டுவாங்க?" என்று ரிம்மா கேட்டாள்.

"தோளுக்குத்தான்க்கா. 'கோட்டு மாட்டுற ஆணி மாதிரி நிக்காதடி'ம்பாங்க. பத்து வருஷமும் அதே பாட்டுதான்."

"குதிகால்?"

"அதுல ஒரு நாளும் குறை சொன்னதில்லையே. ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

க்ளாவா தேநீர் போட எழுந்தாள். இங்காவும் பின்னால் போனாள். ரிம்மா சுவரோரப் பயிற்சிக் கட்டையில் கை வைத்தாள். விரிப்புக்குக் கீழே, தடித்த கம்பளிக் காலுறையில் இரண்டு பருத்த பாதங்கள் தெரிந்தன.

குதிகாலை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம்.