லேசு வேலை

பனி விலகாத மலைச்சரிவில் பாஞ்சாலையின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆனாலும் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தவில்லை. அட்டை கடித்த கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. துடைக்க மனமில்லை. லயத்து வீட்டில் மருமகள் அம்சவல்லி சுருண்டு கிடந்தாள். இரண்டாவது பிள்ளையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்து மூன்று நாள் ஆகிறது. மருந்து ஸ்டோரில் அவள் இடத்துக்கு நாளை முதல் நான்கு மாதப் பிள்ளைத்தாய்ச்சி சீதா போக வேண்டும் என்று கங்காணி சொல்லியிருந்தார்.

அந்தத் தோட்டத்தில் புதுப்பெண்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் ஸ்டோரில் லேசு வேலை. மழையில் நனைய வேண்டாம், மேடு ஏற வேண்டாம். நாற்றுக்கும் துரை பங்களாப் புல்தரைக்கும் அடிக்கிற பூஞ்சை மருந்துப் பொடியை உட்கார்ந்தபடி வெறுங்கையால் கலக்கினால் போதும். அந்தச் சலுகையைத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் மல்லுக்கட்டி வாங்கியவளே பாஞ்சாலைதான். எத்தனை பெருமைப்பட்டாள், பாவம்!

தோட்டத்துக் கோயிலைக் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான். மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண்கள் கோயில் பக்கம் வரமாட்டார்கள். யாருக்கு எப்போது என்று அவளுக்குச் சொல்லாமலே தெரியும். ஸ்டோரில் வேலை செய்த நான்கைந்து பெண்கள் மட்டும் மாதக்கணக்கில் ஒரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு வரத் தவறியதில்லை. பக்தி முற்றிவிட்டதென்று கேலிகூடச் செய்திருக்கிறாள். அவர்களில் யாரும் மாசமாகவும் இல்லை என்பது இன்றுதான் உறைத்தது.

மாலையில் ஸ்டோரில் கிடந்த காலி மருந்து டின்னோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மருந்து கட்டும் டிரெசர் சிங்காரம் லேபிளைப் படித்துவிட்டு, காட்மியம் என்றார். உடம்புக்குள் போனால் எளிதில் வெளியேறாத உலோகமாம். சிறுநீரகத்தில் தங்குமாம். கருப்பையையும் அதை நடத்துகிற சுரப்பிகளையும் கெடுக்கும் என்று படித்திருக்கிறாராம். இதுதான் காரணமென்று எழுதிக்கொடுக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார்.

"ஆனா என் மகளா இருந்தா அந்தப் பக்கமே விடமாட்டேன் லா, அக்கா."

அன்றிரவே பாஞ்சாலை லயத்தில் வீடு வீடாக ஏறி அதைச் சொன்னாள். மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது, கிராணி அமிர்தலிங்கம் சீதாவின் பெயரைச் சொல்லி ஸ்டோருக்குப் போகச் சொன்னார். பாஞ்சாலை முன்னால் வந்தாள்.

"அவ போகமாட்டா, கிராணியாரே."

"நீ கேட்டுத்தானே குடுத்தோம்?"

"நான்தான் கேட்டேன். தெரியாம கேட்டேன். டின்னுல எழுதியிருக்கிறதப் படிக்கத் தெரிஞ்சது ஒங்களுக்குத்தான்."

கிராணி ஜீப் அருகே நின்ற துரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆதாரம் எங்கே என்று கேட்டார். ஆதாரம் பெண்கள் உடம்பில்தான் இருந்தது. ஆண்கள் காதுபட ஒருநாளும் பேசாத விஷயமல்லவா!

பின்வரிசையிலிருந்து சரோஜா வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"எனக்கு எட்டு மாசமா தூரமில்ல, கிராணியாரே. பிள்ளையுமில்ல."

ஆண்கள் தலைகுனிந்தார்கள். எனக்கும்தான் என்று இன்னொருத்தி வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. படுக்கையில் இருக்க வேண்டிய அம்சவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கு ரெண்டு போச்சு," என்றாள். குரல் உயரவில்லை.

ஸ்டோருக்கு ஆள் போகாவிட்டால் இன்று யாருக்கும் வேலையில்லை என்றார் துரை. பெண்கள் இடுப்புப் படுதாக்களை அவிழ்த்து ஈரத் தரையில் விரித்து உட்கார்ந்தார்கள். சற்றுப் பொறுத்து ஆண்களும் உட்கார்ந்தார்கள். துரையின் ஜீப் பிரிஞ்சாங் டவுன் பக்கம் இறங்கிப் போனது. போலீஸோடு வருமோ, என்னவோ, யாருக்கும் தெரியாது.

பாஞ்சாலை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்சவல்லி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நின்றுகொண்டிருந்த சீதாவைப் பார்த்து, சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"வா, வந்து ஒக்காரு. மாசமா இருக்கிறவ நிக்கக் கூடாது."