சுலைகா பீவியின் பதினோரு நடை

"புருசன் பேரு இல்லாம எப்படிண்ணே தேடுறது?" என்று கலெக்டர் ஆபீஸ் பதிவறை எழுத்தர் மூன்றாம் முறையாகக் கேட்டபோது தங்கசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் பேர் தெரிந்திருந்தால் இவன் முகத்தில் எதற்கு வந்து முழிக்கப்போகிறார்? ராமநாதபுரத்தில் முப்பத்தோரு வருஷமாக வக்கீல் குமாஸ்தா. நகல் மனு எழுதி எழுதி நடுவிரல் காய்த்துப்போனவர். எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறார். இந்த ஒரு கேஸ்தான் மூன்று வருஷமாக அவரை நாய் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது.

"சுலைகா பீவி. கீழக்கரை. வெள்ளைக்காரன் காலத்துப் பொம்பள. எங்கிட்ட இருக்கிறது அம்புட்டுத்தான் தம்பி."

"கீழக்கரையில தெருவுக்கு நாலு சுலைகா பீவி இருப்பாகண்ணே. மகன் பேராச்சும் சொல்லுங்க."

"மகளத்தான் தெரியும். மலிகா."

எழுத்தர் பேனாவை மூடிவிட்டார். மகள் பேரை வைத்து எந்த ரிஜிஸ்தரில் தேடுவது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. தங்கசாமி பையிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டினார், குழைந்தார், தம்பிக்கு எந்த ஊரு என்று விசாரித்தார், கடலாடிப் பக்கம் என்றதும் அட நம்ம பக்கம் என்று சிரித்தார், வாலிநோக்கத்தில் சுலைகா பீவிக்குப் பனங்காடு இருந்ததாகக் காதில் விழுந்ததையும் சொல்லிப் பார்த்தார். சிரித்ததில் தாடை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் எழுத்தர், "வாலிநோக்கத்துல அந்தம்மாவுக்குப் பனங்காடு இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல, அந்த ஊரு நெலக் கணக்கு, செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரு, மேல் அடுக்குல கெடக்கு. நீங்களே எடுத்துப் பாத்துக்கங்க," என்று ஏணியைக் காட்டினார். ஐம்பத்தெட்டு வயசில் ஏணி.

சாலிஹாதான் இந்தக் கேஸின் கட்சிக்காரி. அவள் கதையைச் சொல்வது எளிது. நிரூபிக்கத்தான் உயிர் போகும். நாற்பத்தாறு வயசுக்காரி, புருஷன் தவறிவிட்டார், கல்யாண வயசில் காலிதா என்று ஒரு மகள். அவர்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. மகன் நிக்காஹ் முடிந்த கையோடு பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான், தாய் வீடு மகளுக்கு நிற்கும். சுலைகா பீவியின் வீடு மகள் மலிகாவுக்கு, மலிகாவிடமிருந்து மஜீதாவுக்கு, மஜீதாவிடமிருந்து சாலிஹாவுக்கு. தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்றால் அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி.

வழக்குப் போட்டவன் சீனி முகம்மது. மலிகாவின் மகன் பெற்ற பிள்ளை, சாலிஹாவுக்கு மாமா மகன். பதினைந்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன். வீட்டுத் தீர்வை ரசீது எல்லாம் மலிகாவின் புருஷன், அதாவது அவனுடைய பாட்டனார் பேரில் இருக்கிறது. அப்படியென்றால் வீடு பாட்டனாருடையது. பாட்டனார் சொத்தில் ஆண்வழிக்குத்தான் பெரும்பங்கு. தெருப்பக்கம் இடித்துவிட்டு ஆறு கடை கட்டப்போகிறான். இதுதான் அவன் வழக்கு. பார்க்கப்போனால் அவன்மேலும் தப்பில்லை. அந்த ஊரில் எந்த வீட்டுக்குத்தான் பெண் பேரில் ரசீது இருந்தது? தீர்வை கட்டப் போனது மாப்பிள்ளை, அதனால் ரசீதில் மாப்பிள்ளை பேர். நான்கு தலைமுறைப் பெண்கள் பிறந்து, பிள்ளை பெற்று, செத்துப்போன வீட்டில் ஒரு பெண்ணின் பேரும் காகிதத்தில் கிடையாது. இந்த லட்சணத்தில் வக்கீல் ஐயா, "வீடு சுலைகா பீவியோடதுதான்னு ஒரே ஒரு காகிதம் கொண்டு வந்துரு தங்கசாமி, மத்ததை நான் பாத்துக்கிறேன்," என்று ஏதோ மளிகைக் கடையில் சீரகம் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை கடைசி வாய்தா. அதற்குள் காகிதம் வராவிட்டால் சாலிஹாவும் மகளும் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான்.

அவளிடமும் கேட்காமல் இல்லை. போகும்போதெல்லாம் கேட்டார். "தங்கச்சி, பழைய பேப்பரு, பத்திரம், ஏதாச்சும் பொட்டியில கெடக்கான்னு பாரும்மா."

"பேப்பருண்டு ஒண்ணும் கெடயாதுண்ணே. இருந்தா ஒங்கள இப்புடி அலையவிடுவனா?"

தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவாள். கூடத்திலிருந்து வெளியே வரும் வாசல்நிலை தாழ்வானது. தலையைக் குனிந்து வர வேண்டும். நிலைக்கு மேலே, சாம்பிராணிப் புகை படிந்து எழுத்தே மங்கிப்போன கண்ணாடிக்குள், அரபி எழுத்தில் ஏதோ ஓதும் வாசகம் மாட்டியிருக்கும். வீட்டை விட்டு வெளியே கிளம்பும் போதெல்லாம் சாலிஹா எக்கிக் கண்ணாடியைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்திக்கொள்வாள். தங்கசாமியும் வேற்று மதமென்றாலும் சாமி காரியம் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் குனிவார்.

ஏணி மேல் நின்று தும்மித் தும்மி அவர் இறக்கிய ரிஜிஸ்தரில் சுலைகா பீவி இருந்தாள். பனங்காடு, இரண்டு ஏக்கர் சொச்சம். தகப்பன் அல்லது புருஷன் பேர் எழுதும் கட்டத்தைச் செல் தின்றிருந்தது. சரியாக அந்தக் கட்டத்தை. தங்கசாமிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் ஓரத்தில், சிவப்பு மையில், வேறு யாரோ எழுதிய ஒரு வரி தப்பியிருந்தது: முன்சீப் கோர்ட்டு 1922ஆம் வருஷத்து 212ஆம் நம்பர் வழக்கின் தீர்ப்புப்படி பட்டா மாற்றப்பட்டது. ஏணியில் நிற்கிறோம் என்பது மறந்து ஒரு காலை எடுத்துவிட்டார். நல்லவேளை, எழுத்தர் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் கோர்ட்டுப் பதிவறை. நகல் மனு, ஸ்டாம்பு, இன்று போய் நாளை வா, நாளை வந்தால் சாவி வைத்திருப்பவர் லீவு. ஐந்தாம் நாள் கட்டு கிடைத்தது. பழைய இங்கிலீஷ் தீர்ப்பு, அப்பளம்போல நொறுங்கும் தாள். வாதி சுலைகா பீவி. பிரதிவாதி அவளுடைய சொந்த அண்ணன். வீட்டையும் பனங்காட்டையும் தாய் தனக்குக் கொடுத்தாள் என்று அவள் வழக்குப் போட்டிருக்கிறாள், ஜெயித்தும் இருக்கிறாள். தங்கசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். எல்லாம் சரி, வீட்டின் நாலு பக்க எல்லையைச் சொல்லும் நாலுமால் விவரம் எங்கே? அந்த விவரம் இல்லாவிட்டால் சீனி முகம்மதின் வக்கீல், அது வேறு வீடு என்று ஊதித் தள்ளிவிடுவார். தீர்ப்பில், 'முதலாம் சான்றாவணத்தில் கண்டபடி' என்று மட்டும் இருந்தது. சான்றாவணப் பட்டியலைப் புரட்டினார். ஒன்று: தாயார் எழுதிக்கொடுத்த காகிதம். அரபி எழுத்து, தமிழ் வாசகம். வாதியிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

"திருப்பிக் குடுத்தீகளா?" என்று அறுபத்தோரு வருஷத்துக்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எப்போதோ செத்தும் போயிருக்கக்கூடிய ஏதோ ஒரு குமாஸ்தாவைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கீழக்கரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். ஜன்னலோரம் ஏழு மீன்கூடை. சட்டையெல்லாம் கவுச்சி. வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் சீனி முகம்மதின் ஆள் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தான், ஆறு கடைக்கு ஆறு கட்டம். சாலிஹா அதைக் கண்டுகொள்ளாதவள்போல வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கூடத்துக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு, நிலையோரம் நின்றாள்.

"தங்கச்சி, கடைசித் தடவையாக் கேக்குறேன். வீட்டுல பழைய பேப்பரு..."

"இல்லண்டு எத்தன வாட்டிண்ணே சொல்றது?"

"அரபி எழுத்துல?"

"அரபி எழுத்துல இருந்தா அது ஓதுறதுல்ல? அது எப்புடிப் பேப்பராகும்?" என்றாள். சொல்லிவிட்டு, அவர் தன் தலைக்கு மேலே பார்ப்பதைப் பார்த்து, அவளும் திரும்பி நிலையைப் பார்த்தாள்.

"அத எறக்கும்மா."

"ஒளு இல்லாம அத எறக்கக் கூடாதுண்டு எங்கம்மா சொல்லியிருக்காக. அவுக உம்மா வச்சிருந்ததாம். குர்ஆன் பொட்டிக்குள்ள கெடந்துச்சுண்டு கண்ணாடி போட்டு மாட்டுனாக."

அவள் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வரும்வரை தங்கசாமி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்தது. மூன்று வருஷம். எத்தனை தடவை இதற்குக் கும்பிடு போட்டிருப்பார். காலிதா முக்காலியைப் பிடித்துக்கொள்ள, சாலிஹா பிஸ்மி சொல்லி அதை இறக்கினாள். பின்பக்க அட்டையின் ஆணிகளைத் தங்கசாமி அரிவாள்மணை நுனியால் நெம்பினார். அட்டை வந்தது. காகிதத்தின் முதுகில், பழுப்பேறி, வட்டமாக, கோர்ட்டு முத்திரை. அதன் நடுவில் ஒன்று என்ற இலக்கம்.

தங்கசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடிப் பாவி மகளே," என்றார். சாலிஹாவைச் சொன்னாரா, தன்னைச் சொல்லிக்கொண்டாரா, அவருக்கே தெரியாது. "படி. ஒனக்குத்தான் ஓதத் தெரியுமே, படி."

அவள் மடியில் வைத்துக்கொண்டு, தலைமுக்காட்டைச் சரிசெய்து, ஓதுகிற ராகத்திலேயே ஆரம்பித்தாள். சில எழுத்துகளில் புள்ளி கூடுதலாக இருந்தது, தடுக்கித் தடுக்கிப் போனாள். நாலாவது வார்த்தையில் ராகம் நின்றது. "அண்ணே, இது தமிழு," என்றாள். "மேற்கே பள்ளிவாசல் சந்துண்டு எழுதியிருக்கு. கிழக்கே கெணறு. நம்ம கெணறு." கையை உதறிக்கொண்டாள். "அப்ப இத்தன வருசமா நான் எதத் தொட்டு முத்துனேன்? ஊட்டுப் பத்திரத்தையா?"

"அத அப்புறம் வச்சுக்க. மேல படி."

தாய் சுலைகாவுக்கு எழுதியது முடிந்து, கீழே வேறு கையெழுத்து தொடங்கியது. சாலிஹா ராகமில்லாமல், பேசுகிற மாதிரி வாசித்தாள்.

"மகள் மலிகாவுக்கு உம்மா சுலைகா எழுதுறது. என் கூடப்பிறந்த காக்கா இந்தக் காயிதத்தைப் பொய்யிண்டு சொன்னதுனால இதைக் காப்பாத்த ராமனாதபுரத்துக்குப் பதினோரு நடை போனேன். கூண்டுவண்டி கட்டித் திரை போட்டுப் போவேன். இன்னைக்கு ஐயா இல்லே நாளைக்கு வாண்டு குமாஸ்தா சொல்லுவான். நாளைக்குப் போனால் புருசன் பேர் என்னாண்டு கேட்பான். ஊடு என் ஊடு, புருசன் பேர் உனக்கு என்னாத்துக்குண்டு கேட்டேன். முழிக்கிறான். இப்போ ஊடு உனக்கு. உனக்குப் பிறகு உன் மகளுக்கு. வாங்குகிறவள் கீழே தன் பேரைத் தன் கையால் எழுதிக்கொள்ள வேணும். மறந்தால் இன்னொருத்தி பதினோரு நடை நடக்க வேண்டி வரும்."

 அந்தக் குமாஸ்தா செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாம்தான் என்பதுபோலத் தங்கசாமிக்கு ஒரு கூச்சம் வந்தது. எத்தனை பெண்களைத் தானும் நாளைக்கு வாங்க என்று அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணப் பார்த்தார். எண்ண முடியவில்லை.

அடியில் மலிகா என்று கையெழுத்து இருந்தது. அதற்கும் கீழே, கோணல்மாணலாக மூன்று வரி. சாலிஹா தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

"மலிகா எழுதுறது. காச்சல் உடமாட்டேங்குது. ஊடு மஜீதாவுக்கு. அவளுக்கு ஆறு வயசு. எழுத்துப் படிச்ச பெறகு இதுல பேரு எழுதச் சொல்லுங்க."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நாலு விரற்கடை வெற்றுத்தாள்.

"எங்கம்மாட்ட யாரும் சொல்லல," என்றாள் சாலிஹா. "சாவுற மட்டும் இதுக்குச் சாம்பிராணி போட்டாக."  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்து, "காலிதா, பேனா கொண்டா," என்றாள்.

தங்கசாமி துள்ளி எழுந்தார். "என்ன செய்யப்போற? வேணாம் தங்கச்சி. புது மை ஒரு பொட்டு பட்டாலும் போச்சு. இதெல்லாமே நேத்து ஒக்காந்து எழுதுனதுதான்னு அந்தப் பக்கத்து வக்கீலு ஒரே போடாப் போட்டுருவாரு."

"பேரு எழுதச் சொல்லித்தானே இருக்கு."

"இருக்கு. ஆனா எழுதக் கூடாது."

"மூணு வருசமா எங்கெங்கயோ கையெழுத்துப் போடச் சொன்னீங்க. என்னா ஏதுண்டு ஒரு வார்த்த கேட்டேனா? இது ஒண்ணுலதான் எம்பேரு வேணும்ண்டு அவுகளே கேட்டிருக்காக. இதுல போடாதங்கிறீங்க."

  ஐந்து மணி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. காலிதா பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாலிஹா தாளை மடியில் நிமிர்த்தி வைத்தாள். அந்த வெற்றிடத்தில், வலது ஓரத்தில், வெறும் ஆள்காட்டி விரலை வைத்தாள். மஜீதா என்று அம்மாவின் பேரை முதலில் எழுதினாள், வலமிருந்து இடமாக, புள்ளி தவறாமல். அதற்குக் கீழே தன் பேர். பிறகு சற்று நகர்ந்து மகளுக்கு இடம் விட்டாள்.